சொந்த வண்டி, இரவல் பானா

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அந்த வளைவுகளில் என் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு, பின்சக்கரம் ஒரு கணம் தயங்கித் தாமதமாகத் திரும்புவது போல் இருந்தது. டயரில் காற்று குறைந்திருக்கும் என்று எண்ணி ஓரமாக நிறுத்தினேன். டயரில் குறையில்லை. பின்சக்கரத்தின் அச்சை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நட்டு, விரல் பட்டாலே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான் வண்டியைப் பராமரிப்புக்கு விட்டு எடுத்திருந்தேன். 'செயின் இறுக்கம் சரிசெய்யப்பட்டது' என்று ரசீதில் அச்சாகியிருந்தது. செயினை இறுக்க வேண்டுமானால் முதலில் அச்சு நட்டைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தியவர் மீண்டும் இறுக்க மறந்துவிட்டார். நான் ரசீதைப் படித்துப் பணம் கட்டினேன்; வண்டியைப் பார்க்கவில்லை.

அந்த நட்டை இறுக்க 24-ஆம் எண் பானா வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி மட்டுமே. அதிலும் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தேயிலை ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த சாக்குப் பையை எடுத்து, இரண்டு நிமிடங்களில் வேலையை முடித்தார். கிளம்பும்போது, "ஏனுங்க சார், இத்தனை பெரிய வண்டிக்கு ஒரு பானாகூட வெச்சுக்கலீங்களா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே வியந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு அப்போது விடை தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி.

சந்தை இல்லாத சாலை

'அவரவர் வேலையை அவரவர் செய்யட்டும்' என்பது பொருளியலின் முதல் பாடங்களுள் ஒன்று. குண்டூசித் தொழிற்சாலையை எடுத்துக்காட்டி, வேலைப் பகிர்வினால் உற்பத்தி பெருகுவதை ஆடம் ஸ்மித் 1776-இல் விளக்கினார். அந்தத் தர்க்கப்படி, பேராசிரியர் பாடம் நடத்த வேண்டும். மெக்கானிக் வண்டியைப் பார்க்க வேண்டும். தெரியாத வேலையில் நான் செலவிடும் ஒரு மணி நேரம், எனக்கும் இழப்பு, அவருக்கும் இழப்பு.

நகருக்குள் வண்டி ஓட்டும்வரை இந்தத் தர்க்கத்தில் பிழையில்லை. தெருவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. நெடும்பயணத்தில் நிலைமை வேறு. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ. தொலைவில் என்று அறிவித்த பலகை இருசக்கரப் பயணிகளிடையே புகழ்பெற்றது. அத்தகைய சாலையில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் வாங்குவதற்குச் சேவை இருப்பதில்லை. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கொல்லிமலைச் சரிவிலோ, ராமநாதபுரம் கடற்கரைச் சாலையிலோ வண்டி நின்றாலும் அதே கதைதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. சில சேவைகளை வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அவற்றின் தரத்தை நம்மால் கண்டறிய முடியாது. பொருளியலாளர்கள் டார்பியும் கார்னியும் 1973-இல் இவற்றுக்கு 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று பெயரிட்டனர். வாகனப் பழுதுநீக்கம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பிரேக் எண்ணெய் மாற்றப்பட்டதா, பழைய எண்ணெயே இருக்கிறதா, மாற்ற வேண்டிய தேவை இருந்ததா என்பதெல்லாம் செய்தவருக்குத் தெரியும்; பணம் கொடுத்தவருக்குத் தெரியாது. இந்த அறிவு ஏற்றத்தாழ்வு இருக்கும் இடத்தில் நேர்மையான பட்டறையையும் அலட்சியமான பட்டறையையும் வாடிக்கையாளரால் பிரித்தறிய இயலாது. பிரித்தறிய இயலாதபோது நேர்மைக்கு உரிய விலை கிடைக்காது.

ஆகவே, சொந்தமாகப் பராமரிக்கக் கற்பதன் முதன்மைப் பயன் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிப்பதில் இல்லை. அந்த மிச்சம் சொற்பம். நாம் வாங்கும் வேலையை மதிப்பிடும் கண் நமக்குக் கிடைக்கிறது. சந்தையே இல்லாத சாலையில் அது காப்பீடாகவும் பயன்படுகிறது. இந்த இரண்டையும் பெறுவதற்கு நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஒரு வாரக் கடைசியும் ஒரு சிறிய பையும் போதும்.

புறப்படும் முன் பத்து நிமிடம்

வழியில் வண்டி நிற்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை புறப்படும் முன்பே கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடியவை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் டயர். காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும், சில கி.மீ. ஓடிய பிறகு டயர் சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். பின்னால் ஒருவரையும் பெட்டிகளையும் ஏற்றும்போது பின்டயருக்கு வேறு அழுத்தம் தேவை. அது கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் உறையருகே ஒட்டிய தாளிலும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2423 என்றிருந்தால் அது 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பள்ளங்கள் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும். மழைச் சாலையில் பிடி தராது. புதிய டயர் என்று விற்கப்படுவது எத்தனை ஆண்டு கடையில் கிடந்தது என்பதையும் இந்த நான்கு இலக்கங்கள் சொல்லிவிடும்.

அடுத்தது செயின். செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 35 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும்; உயரமான அட்வெஞ்சர் வகை வண்டிகளில் இது கூடுதல். துல்லியமான அளவு கையேட்டில் உண்டு. செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சுழற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 'தளர்ந்திருப்பதை விட இறுக்கமாக இருப்பது நல்லது' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. சுமை ஏறிப் பின்சக்கரம் மேலெழும்போது செயின் இன்னும் இறுகும். அதற்கு இடமில்லாவிட்டால் கியர்பெட்டியின் தண்டையும் அதன் பேரிங்கையும் அது தின்னத் தொடங்கும். தளர்ந்த செயின் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுகிய செயின் மௌனமாகவே கெடுக்கும்.

ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். அன்றைய ஓட்டம் முடிந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும் மாலை நேரமே அதற்கு ஏற்றது. எண்ணெய் இண்டு இடுக்குகளில் இறங்கி, இரவில் அங்கேயே தங்கும். அழுக்கை அகற்றப் பலரும் பெட்ரோலைப் பயன்படுத்துகிறார்கள். இன்றைய செயின்களில் ஒவ்வொரு இணைப்பிலும் நுண்ணிய ரப்பர் வளையங்கள் உள்ளன; பெட்ரோல் அவற்றைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயினைத் துடைக்க முயன்று விரலை இழந்தவர்கள் உண்டு.

மூன்றாவது பிரேக். பிரேக் பட்டையின் தடிமனைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். மறைந்திருக்கும் ஆபத்து எண்ணெயில் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பயன்படும் டாட் 4 வகை எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதன் தரவரையறைப்படி, புதிய எண்ணெய் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்த எல்லை 155 டிகிரி. இந்த 75 டிகிரி வேறுபாடு சமவெளியில் தெரியாது. நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பழைய எண்ணெய் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். குமிழி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றச் சொல்வதும், மலையிறக்கத்தில் கீழ் கியரில் வரச் சொல்வதும் இதனால்தான்.

எஞ்சின் எண்ணெயைச் சமதளத்தில், வண்டியை நேராக நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடங்களுக்குப் பின் பார்க்க வேண்டும். வழியில் நிரப்ப நேர்ந்தால் காருக்கான எண்ணெயை ஊற்றக் கூடாது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்துவிடும். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக நட்டுகளும் போல்ட்டுகளும். எஞ்சின் அதிர்வு அவற்றை மெல்ல மெல்லத் தளர்த்தும். விமானப் பராமரிப்பிலும் கனரக வாகனங்களிலும் கையாளும் ஓர் எளிய உத்தி இதற்கு உதவும். சரியாக இறுக்கிய நட்டின் மீதும் அது அமர்ந்திருக்கும் உலோகத்தின் மீதும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இழுத்துவிடுவார்கள். நட்டு சற்றே சுழன்றாலும் கோடு முறிந்து தெரியும். கருவியே தேவையில்லாத சோதனை இது. ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தால் முடிந்தது.

பையில் என்ன இருக்க வேண்டும்?

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த காலத்தில் எந்த மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் இருக்கைக்கு அடியிலோ பக்கப் பெட்டியிலோ ரெக்சின் பை ஒன்று இருக்கும். பானாக்கள், குறடு, திருப்புளி, பிளக் கழற்றும் குழாய், டயர் நெம்பும் பட்டைகள் என ஏழெட்டுக் கருவிகள் அதில் இருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்த எங்கள் தலைமுறையில், சாலையோரத்தில் பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளால் தேய்த்து மாட்டத் தெரியாதவர் அரிது. அதை ஒரு திறமை என்று எவரும் பெருமை பேசியதில்லை. குடை விரிப்பது போன்ற பழக்கம் அது. இன்று பல வண்டிகளில் அந்தப் பை மெலிந்து, ஓரிரு கருவிகளாகச் சுருங்கிவிட்டது. பயண தூரம் நீண்டது, பை குறுகியது.

நம் பையை நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே விதி: உங்கள் வண்டியில் இருக்கும் நட்டுக்குப் பொருந்தாத கருவியைச் சுமக்காதீர்கள். கடையில் விற்கும் நூறு துண்டுப் பெட்டியை வாங்குவதைவிட, ஒரு விடுமுறை நாளில் வண்டியருகே அமர்ந்து, எந்த நட்டுக்கு எந்த எண் என்று குறித்துக்கொள்வது மேல். பெரும்பாலான வண்டிகளுக்கு 8, 10, 12, 14, 17 எண் பானாக்கள், 4 முதல் 8 வரையிலான ஆலன் கீகள், அச்சு நட்டுக்கான பெரிய பானா, பிளக் குழாய், குறடு, திருப்புளி ஆகியவை அடித்தளம். அச்சு நட்டின் பானா கனமானது என்று பலர் வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றவும் செயினைச் சரிசெய்யவும் அதுவே திறவுகோல். அது இல்லாத பை, சாவி இல்லாத பூட்டுப் போன்றது.

திருப்புளியில் ஒரு நுட்பம் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகள் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குப் பொருந்துவது போல் தோன்றும். ஆனால் அவற்றின் பள்ளம் வேறு அளவீட்டில் வெட்டப்பட்டது. பொருந்தாத முனையால் அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு அந்தத் திருகை எடுக்கப் பட்டறைதான் கதி. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் அதற்குரிய திருப்புளியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பஞ்சருக்கு என்ன எடுத்துச் செல்வது என்பது டயரைப் பொறுத்தது. டியூப் இல்லாத டயராக இருந்தால், துளையைச் சுரண்டும் ஊசி, பசை தோய்ந்த திரிகள், சிறிய காற்றுப் பம்ப் ஆகியவை போதும். சக்கரத்தைக் கழற்றாமலேயே அடைக்கலாம். திரியைத் தயார்செய்யும் வரை ஆணியைப் பிடுங்காதிருப்பது நல்லது. மீதமுள்ள காற்று காக்கப்படும். டயரின் பக்கவாட்டுச் சுவரில் துளை விழுந்தால் திரியை நம்பிப் பயணம் தொடரக் கூடாது. ஆரக்கம்பிச் சக்கரம் கொண்ட பல வண்டிகளில் இன்றும் டியூப்தான். அவர்கள் மாற்று டியூபையும் டயர் நெம்பும் பட்டைகளையும் சுமக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வீட்டில் ஒருமுறையேனும் சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். முதல் பாடம் இருட்டில், மழையில், சாலையோரத்தில் நடக்கக் கூடாது.

உதிரிகளில் முதலிடம் கிளட்ச் கேபிளுக்கு. அது அறுந்தால் வண்டியை ஓட்டுவது பெரும்பாடு. அனுபவமுள்ளவர்கள் புதிய கேபிளை, பழைய கேபிளை ஒட்டியே படரவிட்டுக் கட்டிவைத்திருப்பார்கள். அறுந்தவுடன் இரு முனைகளையும் மாற்றிக் கோத்தால் போதும். ஃபியூஸ்கள் அதே ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது, காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டைத் திறந்துவைப்பதற்குச் சமம். எரிய வேண்டிய ஃபியூஸ் எரியாவிட்டால் வயரிங் எரியும். இவற்றுடன் ஒரு பிளக், சில பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், கட்டுக்கம்பி, மின் ஒட்டுநாடா, உலோக விரிசலை அடைக்கும் எம்-சீல், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை. எனக்கு இவற்றையெல்லாம் சேர்க்க ஆன செலவு, ஒருமுறை பராமரிப்புக்குக் கொடுத்த தொகையைவிடச் சற்றே கூடுதல்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

தெரிந்துகொள்வதன் இன்னொரு பயன், எதைத் தொடக் கூடாது என்று தெரிவது. எஞ்சினின் உட்பகுதி, முன்ஃபோர்க், ஏ.பி.எஸ். அமைப்பு ஆகியவை வீட்டு முற்றத்து வேலைகள் அல்ல. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் குழாய்களில் காற்றுப் புகுந்தால் வெளியேற்றுவதற்குச் சில வண்டிகளில் தனிக் கருவி வேண்டும். பிரேக்கில் எதைக் கழற்றி மாட்டினாலும், வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை அழுத்திப் பார்த்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பட்டையை மாற்றியபின் முதல் அழுத்தம் வெற்றாகப் போவது இயல்பு. அந்த முதல் அழுத்தம் சாலைச் சந்திப்பில் நேரக் கூடாது.

புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரும்பிழை, தளர்வாக விடுவதைக் காட்டிலும் அளவுக்கு மீறி இறுக்குவதே. எண்ணெய் வடிக்கும் போல்ட் எஃகு. அது ஏறும் எஞ்சின் அடிப்பகுதி அலுமினியம். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை அழிந்துவிடும். மரை போன எஞ்சினைச் சீர்செய்ய ஆகும் செலவு, அதுவரை மிச்சம்பிடித்த கூலி அனைத்தையும் விழுங்கிவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை நியூட்டன் மீட்டர் அளவில் கையேடுகள் தருகின்றன. அதை அளந்து இறுக்க டார்க் ரென்ச் என்ற கருவி இருக்கிறது. பயணத்தில் அது தேவையில்லை. வீட்டில் ஒன்று இருந்தால் கை காலப்போக்கில் அளவைக் கற்றுக்கொள்ளும்.

பானாவுக்கு எட்டாத பூட்டு

இதுவரை சொன்னவை தனிமனிதர் செய்யக்கூடியவை. தனிமனிதரின் கைக்கு எட்டாத ஒரு பகுதியும் இருக்கிறது.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்தியாவில் பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. நெடும்பயண வண்டிகளில் கார்புரேட்டர் விடைபெற்று, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் செலுத்தும் அமைப்பு வந்தது. இதைக் குறை சொல்ல மாட்டேன். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோல் மிகுந்து மூச்சுத் திணறும். ஓட்டுநர் திருப்புளியுடன் இறங்க வேண்டியிருக்கும். சென்சார்கள் கொண்ட வண்டி அந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். புகையும் குறைவு. நகரத்துக் காற்றுக்கு அது நல்லது.

விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தால், எந்த சென்சார் குறை சொல்கிறது என்பதைக் கணினியின் பிழைக்குறி சொல்லும். அந்தக் குறியைப் படிக்கும் கருவி, அதன் பொருளை விளக்கும் ஆவணம், மாற்ற வேண்டிய உதிரி ஆகிய மூன்றும் உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே கிடைக்குமானால், வண்டி வாங்கியவர் முழுமையான உரிமையாளர் அல்லர். தெருமுனைப் பட்டறைக்காரரின் நிலை இன்னும் மோசம். காது வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்லும் கைத்திறன் அவருக்கு உண்டு. பூட்டிய மென்பொருளுக்கு முன்னால் அந்தக் காது பயனற்றுப் போகிறது. நெடுஞ்சாலையோரச் சிற்றூரில் நம்மைக் கரைசேர்ப்பவர் அவரே என்பதால், அவருடைய இழப்பு பயணியின் இழப்புமாகும்.

இது வெறும் ஆதங்கம் அன்று. சட்டத்தின் பார்வைக்கும் வந்த விஷயம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவில், உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தது போட்டிக்கு விரோதமானது என்று தீர்மானித்து, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையும் கூடாது என்றது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. வழக்கு கார்களைப் பற்றியது. அதன் நியாயம் இரண்டு சக்கரங்களுக்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரியையே வாங்க வேண்டும் என்று உத்தரவாதத்தை நிபந்தனையாக்குவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் வாகனப் பழுதுநீக்கும் உரிமைக்குத் தனிச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கும் அதன் வரம்பில் இடம்பெற்றன. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, நிறுவனங்கள் தங்கள் பழுதுநீக்கத் தகவல்களைப் பகிர ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனங்களின் விருப்பத்தை நம்பியிருக்கும் இணையதளமும், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய உரிமையும் ஒன்றல்ல.

என்ன செய்யலாம்?

மூன்று காரியங்கள் பெரும் செலவின்றி நடக்கக் கூடியவை. முதலாவது, வண்டியுடன் முழுமையான கருவிப் பை தருவதை உற்பத்தியாளர்கள் மீண்டும் வழக்கமாக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் விற்கும் பொருளில் ஏழெட்டுக் கருவிகளின் விலை கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது, பணிமனைக் கையேடும் பிழைக்குறிகளின் பட்டியலும் வாங்கியவருக்கு உரியவை. அவை தமிழில் கிடைக்க வேண்டும். பானா பிடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலக் கையேட்டைப் படித்துத் தொழில் கற்றவர்கள் அல்லர். மூன்றாவது, மாவட்டந்தோறும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் வார இறுதிகளில் வாகன உரிமையாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தலாம். டயர், செயின், பிரேக், ஃபியூஸ் ஆகிய நான்கையும் கற்பிக்க அவ்வளவு நேரம் போதும். கட்டணமும் வசூலிக்கலாம். பெண்கள் தனியாகவும் குழுவாகவும் நெடும்பயணம் செல்லும் காலம் இது. அவர்களும் தயக்கமின்றி வந்து கற்கும் இடமாக அது இருக்க வேண்டும்.

அந்த நட்டைத் தளர்வாக விட்டவர் மீது எனக்கு இப்போது கோபம் இல்லை. ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒருவர் ஒரு நட்டை மறப்பது மனித இயல்பு. அந்த மறதியைப் பிடிக்கும் இரண்டாவது கண் இருந்திருக்க வேண்டும். அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். வண்டியின் உரிமையாளர் என்று பதிவுச் சான்றிதழில் என் பெயர்தானே இருக்கிறது?

இப்போது என் இருக்கைக்கு அடியில், கித்தான் துணியில் சுருட்டிய கருவிகள் இருக்கின்றன. 24-ஆம் எண் பானாவும் இருக்கிறது. பின்சக்கர அச்சு நட்டின் மீது, என் மனைவியின் நகப்பூச்சால் இழுத்த சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை பராமரிப்பு முடிந்து வண்டியை எடுக்கும்போதும், ரசீதை வாங்கும் முன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். கோடு முறிந்திருந்தால் நட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறேன்; எப்படி இறுக்கினீர்கள் என்று கேட்கிறேன்; பிறகு என் பானாவையும் ஒருமுறை வைத்துப் பார்க்கிறேன். முதலில் அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது நான் கேட்கும் முன்பே, "இறுக்கிட்டேன் சார், பாத்துக்கங்க" என்கிறார்கள்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).